கித்தான் கூடாரமும் நாலு விரலும்

கரியமாணிக்கம் பொய் சொல்ல மாட்டான். அந்த வேலையை அவன் கை பார்த்துக்கொள்ளும். சைகோனில், பென் தான் சந்தைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் அவனும் நானும் இருபது வருஷம் ஒன்றாகத் துணி கிழித்தவர்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மீட்டர் கோலின் முனையை இடது கைக்குள் வைத்து, அதே பிடியில் துணியையும் சேர்த்துப் பிடிப்பான். துணி கோலின் முனையில் தொடங்குவதாகத்தான் தெரியும். உண்மையில் ஒவ்வொரு மீட்டருக்கும் நாலு விரல் தள்ளித் தொடங்கும். மூடிய கைக்குள் என்ன இருக்கிறது என்று எந்த வாடிக்கைக்காரர் பார்த்தார்? பா ஹாய் என்ற வியட்நாமியத் தையற்காரி மட்டும், "கைக்குள்ளே இருப்பதையும் கொடு" என்று சிரித்துக்கொண்டே கூட ஒரு சாண் வாங்கிப் போவாள். நீ மட்டும் யோக்கியனா, நத்தர்ஷா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சின்னக் கை. மூன்று விரல்தான் தேறும்.

அவன் மனைவி தாயம்மாள் கான் ஹொய் பகுதியில் இருந்த வீட்டில் நம் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அவளுக்குப் புருஷன் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. யாராவது துணி பற்றவில்லை என்று வந்தால், "எங்க வூட்டுக்காரரு அளந்ததா? அது குறையாது. நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று அனுப்பிவிடுவாள். அவளே உடம்பு போடுகிறது என்று ராத்திரிச் சோற்றை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. என் கண்ணுக்கு அவள் வருஷா வருஷம் இளைத்துத்தான் வந்தாள். அடுத்தவர் வீட்டுச் சோற்றைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

ஊரிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அவள் கடலைப் பார்க்கவில்லை. எழுபதாம் வருஷத்து டெட் புத்தாண்டு விடுமுறையில் வுங் தாவ் கடற்கரைக்கு அழைத்துப் போவதாகக் கரியமாணிக்கம் வாக்குக் கொடுத்தான். அங்கே குடை வாடகைக்குக் கிடைக்கும் என்றேன். முறைத்தான்.

"துணிக்கடைக்காரன் நான், நிழல வாடகைக்கு எடுக்கவா? கூடாரம் நாமளே தைப்போம்."

நடைபாதைக் கடையில் அமெரிக்கப் பட்டாளத்துப் பச்சைக் கித்தான் வாங்கி வந்தான். அவன் ஆறடி ஆள். தலைமாட்டில் சாப்பாட்டுக் கூடை வைக்கவும் இடம் வேண்டும் என்று இரண்டரை மீட்டர் நீளம் கணக்கிட்டு, கடைக் கோலாலேயே அளந்து வெட்டினான். தாயம்மாள் தைத்தாள். ஒற்றை அறை முழுக்கக் கித்தான் கிடந்ததில் இரண்டு நாள் அடுப்பு மூட்ட இடமில்லை. மெஷின் ஊசி மூன்று ஒடிந்ததும் கோணி ஊசியை எடுத்து, மெழுகு தடவிய நூலால் கையிலேயே முடித்தாள். அவள் விரலெல்லாம் ரத்தக் கட்டு. ஆனால் அந்தத் தையலைப் பட்டாளத்துக்காரன் பார்த்தால் வேலைக்குக் கூப்பிடுவான்.

காலை பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரியும் கூடப் போனோம். மூங்கில் நட்டு, கயிறு இழுத்து, கூடாரம் ஜம்மென்று நின்றது. கரியமாணிக்கம் கூடையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு மகாராஜா மாதிரி உள்ளே போய்ப் படுத்தான். பாதம் இரண்டும் வெளியே வந்தன. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவனுக்கு உள்ளங்காலைச் சுட்டது.

என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தையல் மடிப்புல துணிய ரொம்பப் புடிச்சுட்டே, தாயம்மா. வேலை தெரிஞ்சவ செய்யற காரியமா இது?"

எனக்கு அவனை அறையத் தோன்றியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மூன்று விரலும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன்.

தாயம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. பையிலிருந்து டேப்பை எடுத்தாள். முதலில் தையல் மடிப்பை அளந்தாள். அது சரியாக இருந்தது. பிறகு நீளத்தை அளந்தாள். ஒரு சாண் குறைந்தது.

"எப்படி அளந்தீங்க?" என்று மிச்சமிருந்த மூங்கிலை அவனிடம் நீட்டினாள். "அளந்து காட்டுங்க."

அவன் கூடார ஓரத்தை எடுத்து மூங்கிலோடு பிடித்தான். இருபது வருஷப் பழக்கம். கை தானாக மூடிக்கொண்டது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"எனக்குக் கொண்டாந்த ரவிக்கைத் துணியும் இந்தக் கையால அளந்ததுதானா?"

அவன் மூங்கிலைக் கீழே போட்டான்.

"பெருத்துட்டேன்னு பத்து வருசம் பட்டினி கெடந்தேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் கண் கலங்கிவிட்டது. அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தாயம்மாள் கூடாரத்துக்குள் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். கூடையைத் திறந்து புளிச்சோற்றை இலையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். வெயிலில் உட்கார்ந்திருந்த கரியமாணிக்கம் தன் பங்குப் பொட்டலத்தையும் மெல்ல அவள் பக்கம் தள்ளினான். அவள் அதையும் பிரித்தாள்.