மணல் விரிப்பு

கைத்துடைப்பத்தால் பாலைவனத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார் அக்கா. முழுப் பாலைவனத்தையும் அல்ல. நடைபாதை ஓரமாக ஒரு கட்டில் விரிப்பு அளவுக்கு. சுருக்கமில்லாமல் மணலைச் சமன் செய்து, இடுப்பில் கைவைத்துப் பார்க்கிறார். சட்டைக் காலரைத் தேய்த்து முடித்ததும் பார்ப்பாரே, அதே பார்வை. சனிக்கிழமை சாயங்காலம் இந்த வேலை. இரவில் அந்த வழியாகப் போகிற பிராணிகளெல்லாம் தடம் பதித்துவிட்டுப் போகும். ஞாயிறு விடியும்போது வந்து படிப்பார்.

எங்கள் தெருக்கோடியில் லாண்டரி அவருடையது. வாரம் முழுக்க நீராவிக்குள் நிற்பவருக்கு, விடுமுறை என்றால் சொட்டு ஈரமில்லாத இடம்தான் வேண்டும். "இங்க ஒருத்தருக்கும் என்கிட்ட வேலை இல்ல. முயல் என்ன, துவைக்கவா குடுத்துவிடப் போகுது?"

கூட வருகிறவர்களுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. சென்ட் ஆகாது, சரசரக்கும் பை ஆகாது, முக்கியமாகப் பேச்சு ஆகாது. முதல் தடவை நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது, "பிரிச்சாச்சா? இனிமே என் மூஞ்சிய நீயும் உன் மூஞ்சிய நானும் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்," என்றார். பாறைமேல் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணானைக் காட்டி, "எங்க வீட்டுக்காரர்," என்று அறிமுகம் செய்தார். "எது சொன்னாலும் தலையாட்டும். செய்யாது."

அசல் வீட்டுக்காரர் லாண்டரி வேன் ஓட்டுகிறவர். வாய் ஓயாது, அதனால் பாதையில் அவருக்கு அனுமதியில்லை. எங்களை இறக்கிவிட்டு வேனிலேயே இருப்பார்.

இந்த வருடம் பாதையருகே ஒரு நரி குட்டி போட்டிருந்தது. பாறையடியில் வளை. மணல் விரிப்பில் தாயும் குட்டிகளும் போன தடம் தெரியும். ஆனால் எத்தனையோ வாரம் பதுங்கியிருந்தும் அக்கா கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அவர் அசரவில்லை. "அதுக்கா எனக்கா பொறுமை ஜாஸ்தின்னு பார்த்துடலாம்."

போன ஞாயிறு விரிப்பின் குறுக்கே செருப்புத் தடம். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. பக்கத்தில் சப்பிப்போட்ட கோழி எலும்புகள். அக்கா அந்தக் குதிகாலை ஒரு கணம் பார்த்தார். விறுவிறுவென்று வேனுக்குத் திரும்பினார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டியா! வாரா வாரம் தொங்கின மூஞ்சியோட வர்றே, பார்க்க மனசு கேக்கல. டெலிவரி முடிச்சிட்டு வந்து தினம் கொஞ்சம் கறி வெச்சேன். நேத்து ராத்திரி என் கையிலேர்ந்தே வாங்கிடுச்சு! இன்னிக்குப் போய் நில்லு, தானா வரும்."

"வரும். உங்க கிட்ட வரும், என் கிட்ட வரும். நாளைக்கு ரோட்டுல லாரிய நிறுத்திச் சாப்பிடுறவன் கிட்டயும் வரும், குட்டிகளையும் கூட்டிக்கிட்டு. லாரிச் சக்கரம் என்ன, பார்த்து ஒதுங்கிப் போகுமா?"

"நான் உனக்காகத்தானே..."

"தெரியும். அதான் திட்ட முடியல. வண்டியிலயே இருங்க."

நாங்கள் பாறைக்குத் திரும்பியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அன்று பதுங்க வேண்டியிருக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டதுமே வளையிலிருந்து தாய் நரி வெளியே வந்தது. முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகள், மணல் நிற உடம்பு, அதற்குப் பின்னால் இரண்டு சின்ன மூக்குகள். நேராக அக்காவை நோக்கி நடந்து வந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. வேலைக்கு நடுவே ஒருநாளும் தளராத அந்தத் தோள்கள் தளர்ந்தன. கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் நரி நின்று, அண்ணாந்து பார்த்தது.

அக்கா மெல்லக் குனிந்தார். தடவிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கைநிறையச் சரளை அள்ளி, "போ!" என்று கத்தியபடி அதன் காலடியில் வீசினார். குட்டிகள் வளைக்குள் பாய்ந்தன. தாய் துள்ளிப் பின்வாங்கியது. ஆனாலும் ஓடாமல், கழுத்தைச் சாய்த்து அவரையே பார்த்தது.

அக்கா மறுபடியும் குனிந்து, இந்த முறை கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தார்.