பலகைக்குப் பின்னால் கட்டைவிரல்

எழுபதுகளின் நடுவில், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் மரக்கப்பல் கட்டினேன். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடுகிற ஊர்க்காரன் நான். ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையில் இருந்தபோது பெருவியாதி என்னும் தொழுநோய் வந்து இரண்டு கை விரல்களும் மடங்கிப்போயின. மாத்திரையில் நோய் அடங்கியது. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு அறுவை செய்து வலதுகை விரல்களை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்த விரல்களை வேலை வாங்கிப் பழக்கத்தான் முழ நீளத்தில் அந்தப் பொம்மைக் கப்பல்.

என் மனைவி சோளிங்கரில் தாய்வீட்டில் இருந்தாள். போனாள் என்பதைவிட அழைத்துப் போனார்கள் என்பதே சரி. பிறந்ததிலிருந்து நான் தூக்காத பெண் குழந்தையும் அங்கேதான். "கை சரியாவட்டும், அப்பறம் அனுப்பறதப் பத்திப் பேசலாம்" என்று மாமனார் சொல்லியனுப்பினார். வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரிப் பேச்சு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு விரலும் மட்டு. பேசாமல் கப்பலைக் கட்டினேன்.

நடுவில் நீளமாக ஒரு கட்டை, அதன் இருபுறமும் விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள். அவற்றின்மேல் ஸ்கேல் அகலப் பலகைகளை வரிசையாக ஒட்ட வேண்டும். பலகையை வெந்நீரில் ஊறப்போட்டு, வளைத்து, சட்டத்தில் வஜ்ஜிரம் தடவி, அழுத்திப் பிடித்துச் சின்ன ஆணி அடிக்க வேண்டும். வஜ்ஜிரம் என்பது தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கும் பசை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் பழைய வேலையிடத்தில் நிற்பது போலிருக்கும். வேலையைப் பறிகொடுத்தவனுக்கு அதுவும் வாசனைதான்.

விரல் நிமிர்ந்ததே தவிர, அதில் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்றும் சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுத்த அக்கா தினமும் ஒன்றையே சொல்வார்: "ஒரு ஆணி அடிச்சா நிறுத்துங்க. கையத் திருப்பிப் பாருங்க. காயம் பட்டா வலி வந்து சொல்லும்னு இருக்காதீங்க, உங்களுக்கு அது சொல்லாது."

மேல்வரிசைப் பலகை ஒட்டும் நாளில் என் மனைவி குழந்தையோடு வந்து நின்றாள். மாமனார்தான் பார்த்துவரச் சொல்லியிருக்க வேண்டும். "வா, வா. கை எப்படி வேல செய்யுது பாரு" என்றேன். சட்டத்தில் பலகையை வைத்து, உள்பக்கம் வலது கட்டைவிரலை அண்டை கொடுத்து, வெளிப்பக்கம் விரல்களுக்கிடையே ஆணியைப் பிடித்தேன். மடங்கிய இடதுகைக்குள் சுத்தியலின் பிடி வாகாக உட்கார்ந்திருந்தது. அவள் முகம் மலர்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆணியை அடித்தேன். மலர்ந்தது. எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

"பாப்பாவக் குடு" என்று கையை நீட்டினேன். கப்பலும் கூடவே வந்தது.

ஆணி சட்டத்துக்குப் பக்கத்தில் இறங்கி, பலகையைத் துளைத்து, பின்னால் இருந்த கட்டைவிரலுக்குள் போயிருந்தது. அக்கா ஓடிவந்து கப்பலைத் தாங்கிக்கொண்டு குறடால் ஆணியைப் பிடுங்கினார். ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்களைப் போல நானும் அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வலிக்கலியா?" என்றாள் மனைவி.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? "இல்ல" என்றேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அக்கா கட்டுப் போட்டு முடித்தார். பிறகு என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "பாப்பாவத் தூக்குனா தெரியுமா?"

"கனம் தெரியும். சூடு தெரியாது."

அவள் குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை. கிட்ட வந்து, அதன் கன்னம் என் கழுத்தில் படும்படி தோளில் சாய்த்தாள்.

"இங்க?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டுப் பட்டு விலகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியுது" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். "உங்கள எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு கேளுங்க."