காண்ட் மேக் இட்

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கு பூஜை. காலனி வாட்ஸப் குரூப்பில் எல்லோரையும் அழைத்து, "பிரசாதம் சுண்டல்" என்றும் போட்டிருந்தேன்.

நேற்றிலிருந்து வரிசையாகப் பதில். "சாரி அக்கா, காண்ட் மேக் இட்."

மேக் என்றால் செய்வது. சுண்டல் செய்து எடுத்துவர முடியாது என்கிறார்கள் போல என்று நினைத்து, "பரவாயில்லைம்மா, நானே செய்துவிடுகிறேன்" என்று ஒன்பது பேருக்கும் பதில் போட்டு, இரண்டு கிலோ கொண்டைக்கடலை ஊறவைத்தேன்.

ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஆபீஸிலிருந்து வந்த மகள் போனை வாங்கிப் பார்த்தாள். "ஐயோ அம்மா, வர முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. ஒன்பது பேரும்!" சிரிக்க ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நூற்றெட்டு போற்றியையும் நாங்கள் இருவருமே சொல்லி முடித்தோம்.

சுண்டல் அண்டாவோடு இருக்கிறது. சிட்லபாக்கத்தில் இருப்பவர்கள் டப்பாவோடு வாருங்கள். வர முடியாதவர்கள் தயவுசெய்து தமிழில் சொல்லிவிடுங்கள்.