போதகரின் புத்தகத்தைப் பற்றி விமர்சனம் அக்கா சொன்னது

சபையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விமர்சனம் அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் வருவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம் அவளுடையது. அந்த மாதம் படித்த புத்தகங்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்வாள். பூசி மெழுகுகிற பழக்கம் கிடையாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. தேநீர் ஆறிப்போனாலும் போகட்டும் என்று ஜனம் உட்கார்ந்து கேட்கும்.

"இந்த நாவல்ல கதாநாயகி புத்தகம் முழுக்க அழறா. அழட்டும், நான் வேண்டாங்கல. ஆனா நடுவுல ஒரு பாத்திரமாவது கழுவணும்ல? அந்த வீட்டு அடுப்படியை எழுதினவர் எட்டிக்கூடப் பாக்கல" என்பாள். கவலையை ஜெயிப்பது எப்படி என்று ஒரு விசுவாசப் புத்தகம் வந்தபோது, "எழுதினவருக்குக் கவலைன்னு ஒண்ணு வந்த மாதிரியே தெரியல. கரையில நின்னுக்கிட்டு நீச்சல் சொல்லித் தர்றார்" என்று முடித்துவிட்டாள்.

கடவுள் பெயரே வராத நாவல் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதும் அவள்தான். அதில் ஒரு வேலைக்காரி, தன்னைத் திருடி என்று துரத்தின எஜமானி படுத்த படுக்கையானபோது போய் முகம் துடைத்துவிடுகிறாள். "அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டு ஜெபம் பண்ணினேன்" என்றாள். உலகப் புத்தகங்களைச் சபையில் பேசலாமா என்று ஒரு மூப்பர் முணுமுணுத்தார். "நாம என்ன ஆகாயத்துலயா குடியிருக்கோம், ஐயா?" என்று கேட்டாள். மூப்பர் தேநீரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வாரநாட்களில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. ஃபிரேமுக்குத் தக்கபடி கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் படித்ததைக் கணவருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது சக்கர நாற்காலிதான். "ஊரையே மேல ஏத்தி விட்டவன், இப்ப ஒரு படி ஏற முடியல பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மாதத்தின் கடைசி ஞாயிறு, போதகர் தன் முதல் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். ஊழியத்தில் கண்ட அற்புதங்களைப் பற்றியது. "அடுத்த வாரம் இதைப் பத்தித்தான் பேசணும், அக்கா" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் முழுக்கச் சந்தோஷம். நல்ல மனுஷர். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் கொட்டக் கொட்ட விழித்திருந்தவர்.

மறுநாள் மதியம் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்தபோது அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பக்கவாதத்தால் முடங்கிய ஒரு சகோதரர். முன்னாள் லிஃப்ட் மெக்கானிக். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை. போதகர் வாசலில் நின்று கைகளை உயர்த்திய மாத்திரத்தில் அந்தச் சகோதரர் எழுந்து நடந்தாராம். இனி ஆள் யார் என்று சபையில் யாருக்காவது சந்தேகம் வருமா?

சாயங்காலம் கணவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் எங்க நடந்தேன்? விழப் போனேன்ல."

நடந்தது இதுதான். ஒரு நாள் போதகர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கதவு திறந்திருந்தது. பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது கணவருக்கு ஆயுசிலேயே பழக்கமில்லை. இடது கையை ஊன்றி எழுந்துவிட்டார். பின்னாலிருந்து அவர் இடுப்புப் பெல்ட்டை அவள் கெட்டியாகப் பிடித்தாள். ஒரு கால் சறுக்கி முன்னால் போனது. வாசலில் 'ஸ்தோத்திரம்' என்று ஒரே சத்தம். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்த நேரத்தில் அவரை மெல்ல இறக்கி உட்கார வைத்தாள். கண் திறந்தவர்கள், களைப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். உடனே இன்னொரு வீட்டுக்குக் கிளம்பியும் விட்டார்கள். மரியாதைக்கு எழுந்த மனுஷனை அற்புதமாக்கி அச்சுக்குக் கொடுப்பார்கள் என்று அவள் கனவிலா கண்டாள்?

"விட்டுடும்மா. அவர் மனசு நோகும்" என்றார் கணவர். அவளும் கிட்டத்தட்ட விட்டிருப்பாள்.

புதன்கிழமை, ஆர்கன் வாசிக்கிற அம்மா பழங்களோடு பார்க்க வந்தாள். புத்தகத்தைப் படித்துவிட்டாளாம். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டாள். "எழுந்து நடந்தவர் மறுபடி ஏன் உக்காந்துட்டீங்க, அண்ணே? நடுவுல விசுவாசம் குறைஞ்சிடுச்சா?"

அந்த அம்மா போனபிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இனிமே ஞாயித்துக்கிழமை நீ மட்டும் போயிட்டு வா" என்றார்.

மற்றதையெல்லாம் அவள் மென்று முழுங்கியிருப்பாள். இதை முழுங்க முடியவில்லை. சபையில் முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலிக்கென்று விட்ட அந்த இடம்தான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வெளியுலகம். அதையும் ஒரு புத்தகம் பிடுங்குவதா? நடக்காது.

சனிக்கிழமை நேரே போதகர் வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் முகம் வாடிப்போனது. "நான் என் கண்ணால பாத்தேனே, அக்கா. அப்புறம்தான் மறுபடி முடியாமப் போச்சுன்னு நினைச்சேன்."

"நீங்க முன்னாடி நின்னு பாத்தீங்க, ஐயா. நான் பின்னாடி நின்னேன்."

பிறகு, "நாளைக்கு அந்த அதிகாரத்தை மட்டும் விட்டுட்டுப் பேசுங்களேன்" என்றார்.

"உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, ஐயா. ஆனா புத்தகத்துல பாதியை ஒளிச்சு வச்சு நான் என்னைக்கும் பேசினதில்லை. வேண்டாம்னா சொல்லுங்க, பேசாமலே இருந்துடறேன். பேசினா முழுசாத்தான் பேசுவேன்."

போதகர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

காலையில் கணவர் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "நீங்க வரலன்னா நானும் போகல. வந்து சும்மா உக்காருங்க, பேச்சு என் பொறுப்பு" என்று சட்டையை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் அவள் மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா புத்தகத்துல அஞ்சாம் அதிகாரத்தை நான் ரெண்டு தரம் படிச்சேன். தம்பி செத்துப்போனப்ப தனக்கு ஜெபமே வரலன்னு எழுதியிருக்காங்க. ஒரு போதகர் அதை எழுத நெஞ்சுத் துணிச்சல் வேணும். துக்கத்துல இருக்கறவங்க யாரா இருந்தாலும் அதைப் படிக்கணும். ஒன்பதாம் அதிகாரம் எனக்குப் பிடிக்கல. ஏன்னா அது நடக்கல."

சபை முழுக்க முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

"அதுல வர்றவர் என் வீட்டுக்காரர். ஐயா வாசல்ல வந்து நின்னாங்கன்னு மரியாதைக்கு எழுந்தார். பெல்ட்டை நான் பிடிச்சிருந்தேன். அவ்வளவுதான். அதுக்கு முன்னாடியும் ஆண்டவரை நம்பினார், இப்பவும் நம்பறார். அவர் காலுக்கும் விசுவாசத்துக்கும் யாரும் முடிச்சுப் போடாதீங்க. என்கிட்ட கேட்டா, ரெண்டு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு தினம் காலையில நன்றி சொல்றாரே, அதைத்தான் எழுதியிருக்கணும்."

ஆர்கன் வாசிக்கிற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் போதகர் எழுந்தார். படியிறங்கி முன்வரிசைக்கு வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் கணவரின் இடது கை நாற்காலியை அழுத்திற்று. பழக்கம் யாரை விட்டது? எழுந்துகொண்டிருந்தார்.

மைக்கை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள். பெல்ட்டைப் பிடித்தாள். ஒரு கால் சறுக்கி முன்னால் போனது.

இந்த முறை போதகர் கண்ணை மூடவில்லை. ஆடுகிற காலைப் பார்த்தார். பெல்ட்டை இறுக்கிய அவள் விரல்களைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் கணவரின் தோளைத் தாங்கிக்கொண்டார்.

"உக்காருங்கண்ணே" என்றார்.

கணவர் உட்கார்ந்தார். போதகரும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கே நான் 'உக்காருங்கண்ணே'ன்னு சொல்லியிருக்கணும்" என்றார்.