சாரத்தில் ஒரே ஒரு சீன வண்டி

பிள்ளைச்சாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்து அலுத்துப்போயிருந்தேன். கடையில் பார்த்த சீன மோட்டார் சைக்கிள் விலை குறைவு. வாங்கலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் தூக்கமும் போயிற்று. சாரம் பகுதியில் ஒருவர் அதே வண்டியை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை விசாரிக்கப் போனேன்.

மைலேஜ், சீட், பிரேக் என்று மனிதர் புகழ்ந்து தள்ளினார். "கண்ண மூடிக்கினு வாங்குங்க சார்!"

வண்டியைப் பார்க்கலாமா என்றேன். மாடிப்படிக்கு அடியில், எஞ்சினைப் பிரித்துப் போட்டபடி தூசி படிந்து கிடந்தது.

"ஸ்பேர் எங்கயும் கெடைக்கல சார். நீங்களும் ஒண்ணு வாங்கிட்டா, ஒண்ணுக்கொண்ணு கழட்டி மாட்டிக்கலாம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் கூடவே வந்தார். அவருக்கும் பஸ்தான்.