நெஞ்சுக் குழாய்க்குத் தீர்த்தம்

புற்றுநோய் மருந்து ஏற்ற என் நெஞ்சில் ஒரு குழாயைப் பதித்திருந்தார்கள். கை நரம்புகள் ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டதால் மருந்துக்கு அதுதான் ஒரே வழி. தொடுமுன் கை கழுவுவது, மூடியைத் துடைப்பது, நனையாமல் காப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தபோது இதற்குச் சுற்றறிக்கை எழுதியவனே நான். யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

காப்பார் ஊரிலிருந்து தங்கை பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தாள். நான் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். நெஞ்சில் ஏதோ சில்லென்றது. விழித்துப் பார்த்தால், குழாயின் மேலிருந்த துணிக்கட்டை விலக்கி, அதன் நுனியில் கோயில் தீர்த்தத்தைச் சொட்டவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா பண்ற?"

"மருந்து போற வழிதானே அண்ணே. சாமியும் அதுலயே போகட்டும் லா."

சாமியின் நுழைவைப் பற்றி என் சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் அழுந்தத் துடைத்தேன். கிருமி அதுவரை காத்திருக்கவில்லை போலும்.

அடுத்த முறை மருத்துவமனையில் தாதி குழாய்க்குள் உப்பு நீரைச் செலுத்தியதும் எனக்கு நடுக்கம் கண்டது. கட்டிலும் சேர்ந்து ஆடியது. வார்டில் சேர்த்து, குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே கிருமி. குழாய் ரத்தத்தில்தான் முதலில் முளைத்தது; அது நுழைந்த வழி குழாய்தான் என்று அர்த்தம்.

"ரொம்ப ரேர் அங்கிள்! நான் புக்லதான் பாத்திருக்கேன்," என்றார் இளம் டாக்டரம்மா. என்னை யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. உடம்பில் தெம்புள்ளவர்களை அந்தக் கிருமி சீண்டாதாம். என்னிடம் மட்டும் வீரம்.

"லைன எடுத்துடணும். கீமோ கொஞ்சம் தள்ளிப் போகும். இது தண்ணியில இருக்கற கிருமி அங்கிள். லைன்ல எங்கயாவது தண்ணி பட்டுச்சா?"

கட்டிலருகே நின்ற தங்கையின் முகம் வெளுத்தது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னாலும் மருந்து அதேதான், குழாய் போவதும் உறுதிதான். அவளுக்குத்தான் ஆயுள் தண்டனை.

"குளிக்கறப்ப நனைஞ்சிருச்சு டாக்டர்."

"என்ன அங்கிள், உங்களுக்குத் தெரியாததா? எந்தத் தண்ணியும் படக்கூடாது!"

பிளாஸ்டிக் உறை ஒட்டிக் குளிப்பது எப்படி என்று எனக்குப் பாடம் நடந்தது. அதில் ஒரு பிழை இருந்தது. திருத்தாமல் தலையாட்டினேன்.

டாக்டர் போனதும் தங்கை பெருமூச்சு விட்டாள்.

"இவ்ளோ படிச்சிருக்கீங்க, ஒழுங்கா குளிக்கத் தெரியலயே அண்ணே!"