ராட்டையைத் தொடாத வாரம்

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும். எழுபதுகளில் அங்கே பேசாத விஷயம் இல்லை. ராஜாவைக் கடவுள் அனுப்பவில்லை, ஜனங்கள் ஒத்துக்கொண்டதால்தான் அவன் ராஜா, கொடுத்த ஒப்புதலை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் அந்தக் காலத்திலேயே எழுதிய ஐரோப்பியர்களைப் பற்றி என் வீட்டுக்காரர் மணிக்கணக்கில் பேசுவார். நன்றாகவே பேசுவார். அதற்காகப் படிப்பகத்துப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வருவார். அவர் முடித்ததும் நான் படிப்பேன்.

அப்படித்தான் அந்த ஐரோப்பியர்களில் ஒருவர் என்னிடம் கையும் களவுமாக மாட்டினார். மனிதர்கள் எல்லாரும் சுதந்திரமானவர்கள் என்று முழங்கிய மகான், பெண்பிள்ளைகளுக்கு ஆண்களைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்தால் போதும், படிப்பும் அதற்குத் தக்கபடி இருக்கட்டும் என்று இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“இதையும் கூட்டத்துல பேசுங்க. இல்லாட்டி நானே வந்து பேசறேன்” என்றேன்.

“பொம்பளைங்க அங்க வர்ற வழக்கமில்லியே புள்ள” என்றார்.

வழக்கத்தை உடைக்கத்தானே அந்தப் படிப்பகத்தையே கட்டினார்கள்! ஊருக்கு மட்டும் உபதேசம்.

மறுநாள் நான் ராட்டையைத் தொடவில்லை. எங்களுக்கு நெசவுதான் பிழைப்பு. குறுக்கே போகும் ஊடை நூலை ராட்டையில் சுழற்றித் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தால்தான், அதைச் சுமந்துகொண்டு தறியில் நாடா ஓடும். சுற்றுவது வீட்டுப் பெண்கள் வேலை. கூலி மட்டும் நெய்தவர் கைக்குப் போகும். மிச்சமிருந்த தார்களை வைத்து என் வீட்டுக்காரர் ஓட்டினார். மதியம் தறி நின்றது.

“ஏம்புள்ள, மேலுக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கறேனுங்க. குடுத்த ஒப்புதல திருப்பி வாங்கிக்கிட்டேன்.”

கத்தினார். சாப்பிடாமல் கிடந்தார். தானே ராட்டையில் உட்கார்ந்து நூலைச் சிக்கலாக்கினார். எனக்கும் பயம்தான். தறியில் இருந்த சேலை நெய்து இறங்கினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இருந்தாலும் விடவில்லை. வாரக் கடைசியில் அவரே வந்து, “சரி, ஞாயித்துக்கெழம வா” என்றார்.

போனேன். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளை அவசரமாக இறக்கிவிட்டார்கள். படிப்பகத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: “உங்க சம்மதத்தோடதான் வந்திருக்காங்களா?”

“என்னையக் கேளுங்க” என்றேன். “நீங்கெல்லாம் இங்க ஒக்காந்து பேசறப்ப, திங்கக்கெழமைக்கு நாங்க ஊட்டுல தார் சுத்தறோமே, அதுக்கு எங்க சம்மதத்த எப்பவாச்சும் கேட்டீங்களா?”

நின்றபடியே, பெண்பிள்ளைகளைப் பற்றி அந்த மகான் எழுதியிருந்த பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். நடுவில் ஒருவர் போதும் என்றார். போதாது என்று சொல்லிவிட்டு முழுக்கப் படித்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் என்னோடு வந்தார்கள். ஆண்கள் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் வந்தபோது பெஞ்சில் இடமில்லை. வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நாங்கள் எழுந்திருக்கவில்லை.